அளக்காத மூன்று புள்ளிகள்

"நிமலினி இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று போன் திரை கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு பெட்டிகள். ஒன்றில் "வீட்டுக்குத் திரும்பு" என்றும் மற்றதில் "கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரை இன்னொரு முறை சோதி" என்றும் எழுதியிருந்தது. மயிலிட்டித் துறைமுகத்தில் மீனைக் கொடுத்து முடித்துவிட்டு வள்ளத்தின் விளிம்பில் குந்தியிருந்த சூசைதாசன் அதைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தான். ஐஸ்காரனுக்குக் கோல் எடுக்கத்தான் பொலித்தீன் பையிலிருந்து போனை எடுத்திருந்தான். வீட்டில் இருக்கிற நல்ல போன் இது ஒன்றுதான். விடியற்புறம் அவனோடு கடலுக்குப் போய்விடும். பின்னேரங்களில் மகள் றொசாந்தியின் கையில் இருக்கும். யார் இந்த நிமலினி, அவள் என்ன செய்தால் என் பிள்ளைக்கென்ன என்றுதான் முதலில் நினைத்தான். பதினாறு வயதுப் பெண்பிள்ளையின் தகப்பனுக்கு அடுத்து என்ன நினைப்பு வருமோ அதுவும் வந்தது. யாரோ ஒருத்தன் பொய்ப்பெயரில் கதைக்கிறானோ என்று திரையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான். பொடியன்களின் படம் ஒன்றும் இல்லை. கிணற்றுக்கட்டில் சாய்ந்து நிற்கும் இரட்டைப் பின்னல்காரி ஒருத்தியின் கீறிய படம்தான் இருந்தது. பொழுது படுகிற மாதிரி வானத்துக்கு நிறம் தீட்டியிருந்தார்கள்.

பொழுதுபட்ட நேரம் தனியே நிற்கிற பிள்ளைக்கு வேறென்ன சொல்வது? பெருவிரலில் ஒட்டியிருந்த செதிலோடு "வீட்டுக்குத் திரும்பு" என்பதை அமத்தினான். படம் மாறியது. "நிமலினி வீட்டுக்குத் திரும்பினாள். அந்தக் கிணறு ஏன் உவர்த்தது என்று ஒருவருக்கும் தெரியவரவில்லை. கதை இங்கே முடிகிறது."

"இதென்ன கதை," என்றான் சூசைதாசன் தனக்குத்தானே. முடிந்துபோனது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஐஸ்காரனை மறந்துவிட்டு முந்திய பக்கத்துக்குப் போய் மற்றப் பெட்டியை அமத்தினான்.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவி யசிந்தாவிடம் பட்டும் படாமலும் விசாரித்தான்.

"உது பள்ளிக்கூடத்து விஞ்ஞான ரீச்சர் குறூப்பிலை போட்டுவிட்ட கதை," என்றாள் அவள். "கம்பஸிலை படிச்ச பிள்ளையள் கொஞ்சப்பேர் கொக்குவிலிலை இருந்து எழுதினமாம். பொம்பிளைப் பிள்ளையள் பயப்பிடாமல் சயன்ஸ் படிக்கோணும் எண்டு."

"கதை வாசிச்சு எப்பிடிச் சயன்ஸ் படிக்கிறது?"

"சும்மா வாசிக்கேலாது. இடைக்கிடை வீட்டிலை ஏதாவது செய்து பாத்து, என்ன நடந்தது எண்டு அதுக்குள்ளை எழுதோணும். ஜன்னலிலை ரெண்டு கிழமையாய் போத்தில் வரிசையா இருக்கு. நீங்கள் காணேல்லையோ?"

கண்டிருந்தான். கோயில் பெருநாளுக்கு ஏதோ சோடனை செய்கிறாள் என்று நினைத்திருந்தான். ஒரு நாள் முற்றத்தில் குடைக்கம்பியை நட்டுவைத்து அதன் நிழலைச் சுற்றிக் கல்லு வைத்ததும், இன்னொரு நாள் குசினியில் எலுமிச்சம்புளியும் செப்புக் கம்பியுமாக இருந்ததும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. பிள்ளை வீட்டுக்குள்ளேயே எங்கோ தூரம் போய்வந்திருக்கிறாள், அவனுக்குத் தெரியவில்லை.

ஓ.எல். சோதினை ரிசல்ட் வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. றொசாந்தி ஏழு பாடத்தில் ஏ எடுத்திருந்தாள், கணிதமும் விஞ்ஞானமும் அதற்குள் அடக்கம். கோயிலில் பாதர் பெயர் சொல்லி வாசித்தபோது சூசைதாசன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். நிமிர்ந்தால் சிரித்துவிடுவான் போல இருந்தது. ஆனால் அடுத்த படியான ஏ.எல்.லுக்கு எந்தப் பிரிவு படிப்பது என்ற கதை வந்ததும் அவன் ஒரே பிடியாக நின்றான். கிட்டடிப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவு இருக்கிறது, அது போதும். கணிதம் படிக்க வேண்டுமென்றால் பட்டணத்துக்குப் போக வேண்டும். விடிய ஆறு மணி பஸ், பிறகு ரியூசன், திரும்பி வர இருட்டிவிடும். அவனுடைய அக்காவின் மகன் கணிதப்பிரிவில் மூன்று தரம் சோதினை எழுதி, மூன்று தரமும் சரிவராமல், இப்போது ஒருவரோடும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அந்த வீட்டுக்குள் மூன்று வருடமாகக் கிடந்த அமைதி தன் வீட்டுக்குள்ளும் வர வேண்டாம் என்றுதான் சூசைதாசன் நினைத்தான். றொசாந்தி எதிர்த்துக் கதைக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தை மாதா சுரூபத்துக்குப் பின்னால் சொருகிவிட்டுத் தன் பாட்டில் இருந்தாள். அதைக் கொடுக்க இன்னும் இரண்டு மாதம் தவணை இருந்தது.

அதற்குப் பிறகு சூசைதாசன் ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்து, வலை தட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டு நிமலினியைத் திறந்தான். மகள் வாசித்துக்கொண்டிருந்த இடம் பின்னேரத்துக்கு அப்படியே இருக்கும் என்று நம்பிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் போய்வந்தான். கிணற்று உவர் விஷயத்தில் நிமலினி ஊர்ச்சபைக் கூட்டத்துக்குப் போய் எழும்பிக் கதைக்கிற இடத்தில் "பேசாமல் இரு" என்ற பெட்டியை ஒரு தரம் அமத்திப் பார்த்தான். கதை முடிந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. கையில் கணக்கு வைத்திருக்கிறவள் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்? அடுத்த தரம் அவளை எழும்பிக் கதைக்க வைத்தான். கூட்டத்தில் இருந்தவர்கள் வாயடைத்துப்போனதை இரண்டு முறை வாசித்தான்.

பிசகு கடலில்தான் வந்தது. ஆறாவது அத்தியாயத்தில் நிமலினி ஒரு சின்னத் தீவுக்கு வெளிச்சவீட்டுக்கான பற்றரிகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பாரம் கூடின வள்ளம். இடையில் தண்ணீருக்கடியில் முருகைக்கல் பார் ஒன்று. தெற்கிலிருந்து சோளகக் காற்று இறுக்கி அடிக்கிறது என்று கதையே சொல்கிறது. நாளைக்கே புறப்படுவதா, பறுவத்தன்று கடல் பெருகும்வரை பொறுப்பதா? சூசைதாசன் நாளைக்கே என்றதை அமத்தினான். வள்ளத்தின் அடி கிழிந்தது. அது சரிதான். பறுவத்தை அமத்தினான். "முழுநிலா நாளில் பாரின் மேல் தண்ணீர் நிச்சயம் போதும்" என்று சொல்லி நிமலினி அலுங்காமல் போய்ச் சேர்ந்தாள்.

"பொய்," என்றான் சூசைதாசன் உரத்து.

பக்கத்து வள்ளத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த றமேஸ் நிமிர்ந்து பார்த்தான். "என்ன சூசை அண்ணை, ஆர் பொய் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை."

சோளகம் இப்படி அடிக்கிற நாளில் இந்த வடக்குக் கரைத் தண்ணீரைக் காற்று வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். பறுவமென்றாலும் பாரில் கல்லுத் தெரியும். இது துறைமுகத்தில் நிற்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம். மூன்றாவது பெட்டி ஒன்று எங்காவது இருக்க வேண்டும், காற்றுத் தணியும் மட்டும் நில் என்று. அதைத் தேடித் தேடிக் கடைசியில் "முதலிலிருந்து தொடங்கு" என்பதை அமத்தினான். உண்மையாகவே அழிக்கவா என்று அது கேட்டது. வாசிக்காமலே ஓம் என்றான்.

அன்று பின்னேரம் றொசாந்தி போனை எடுத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். பிறகு எழும்பி உள்ளே வந்தாள்.

"அப்பா, இதை ஆர் திறந்தது?"

சூசைதாசன் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றான். யசிந்தா அவனைப் பார்த்தாள்.

"நாப்பத்தொரு நாளாய் நான் எழுதினது எல்லாம் அதுக்குள்ளைதான் இருந்தது," என்றாள் றொசாந்தி. அழவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. அவள் கத்தியிருந்தால் அவனும் கத்திச் சமாளித்திருப்பான்.

"உந்தக் கதையே பிழை," என்றான் அவன். "ஆறாவது அத்தியாயம் முழுப்பிழை. கடலைக் காணாத ஆக்கள் எழுதினது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். எழுதினது அழிந்த துக்கத்துக்குள்ளும், தகப்பன் ஆறாவது அத்தியாயம் வரை வந்திருக்கிறார் என்பது அவளுக்கு ஏறியது அப்போதுதான். "நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"சும்மா தட்டிப் பாத்தனான்."

"என்ன பிழை?"

அவன் சொன்னான். சோளகத்தைச் சொன்னான், பாரைச் சொன்னான். காற்று நின்று அடித்தால் பறுவக் கணக்கெல்லாம் குழம்பிவிடும், தண்ணீர் பெருகுகிற உயரமும் மாறும், நேரமும் மாறும் என்றான். றொசாந்தி கொப்பி ஒன்றை எடுத்துவந்து எழுதினாள். எழுதிவிட்டு, "எவ்வளவு இறங்கும்?" என்று கேட்டாள்.

"இறங்கும் எண்டா இறங்கும்."

"ஒரு சாணோ? ஒரு முழமோ? நேரம் எவ்வளவு பிந்தும்?"

முப்பது வருடமாகக் கடலுக்குப் போய்வந்தவன் சூசைதாசன். இடம்பெயர்ந்து வேறு கரைகளில் தொழில் செய்த காலத்திலும் இந்தப் பாரைக் கனவில் கண்டவன். எவ்வளவு என்று ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டதில்லை.

"அளந்து பாப்பம்," என்றாள் மகள்.

அடுத்த நாளே இறங்குதுறையின் தூண் ஒன்றில் பி.வி.சி. பைப் ஒன்றை நைலோன் கயிற்றால் வரிந்து கட்டினாள். யசிந்தாவின் சிவப்பு நகப்பூச்சுக் கியூடெக்ஸால் அதில் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராகக் கோடு போட்டிருந்தாள். அலை அடித்துக் கணக்கைக் குழப்பாமல் இருக்க, பைப்புக்கு வெளியே அடி வெட்டிய பெரிய போத்தில்களைக் கோர்த்து மறைப்புப் போல விட்டாள். ஒரு பறுவத்திலிருந்து அடுத்த பறுவம் வரை, காலை ஆறு மணி தொடங்கிப் பின்னேரம் ஆறு மணி மட்டும், மணிக்கொரு தரம் பார்த்து எழுதுவதென்று திட்டம். தண்ணீர் மட்டம், காற்றுத் திசை, காற்றுக் கடுமை என்று மூன்று நிரல். நடுவெய்யிலில் பிள்ளையை நிற்க விடமாட்டேன் என்று யசிந்தா சொல்லிவிட்டாள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணி சூசைதாசனுக்கு என்று பிரித்தார்கள். அவன் எப்படியும் அந்த நேரம் துறைமுகத்து வாடிக் கொட்டிலில் வலையோடுதான் இருப்பான்.

முதல் கிழமை துறைமுகம் அதைப் பார்த்துச் சிரித்தது. "சூசை அண்ணை, கடல் குறையுதோ? எங்களுக்கும் மிச்சம் விடுங்கோ," என்றான் றமேஸ். இரண்டாம் கிழமை சிரிப்பு நின்றது. மூன்றாம் கிழமை றமேஸே போகிற போக்கில் பைப்பை எட்டிப் பார்த்து, "இண்டைக்கு நேற்றையிலும் நாலு கோடு குறைவு," என்று சொல்லிவிட்டுப் போனான். றொசாந்தி குடையைப் பிடித்துக்கொண்டு தூணடியில் இருந்து கொப்பியில் எழுதுவதை ஆட்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள். அவள் அங்கே இருக்கும்போது தூஷணம் கதைக்கிறவர்கள்கூடக் குரலைக் குறைத்தார்கள். அழிந்துபோன பழைய குறிப்புகளைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சூசைதாசனுக்குக் குத்திக்கொண்டே இருந்தது.

பதினெட்டாம் நாள் சோளகம் உச்சத்தில் நின்றது. ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. சூசைதாசன் பதினொரு மணிக்கு வாடிக்குள் வலைக்குவியலில் சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டான். எழும்பும்போது இரண்டரை. கொப்பி தலைமாட்டில் கிடந்தது. மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மூன்று மணிக்கு மகள் வந்துவிடுவாள். அவன் எழும்பிப் போய்ப் பைப்பைப் பார்த்தான், பதினொரு மணிக்கு அவள் எழுதியிருந்ததையும் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே கடல் எப்படி இறங்கியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். மூன்று எண்களை எழுதினான். எழுதும்போது, காற்றினால் நேரமும் மாறும் என்று தான் சொன்னது சரியாக வருகிற மாதிரிக் கை தானாகவே கொஞ்சம் சாய்ந்தது. பெரிய பிழை என்று அப்போது படவில்லை.

அடுத்த பறுவம் முடிந்து இரண்டாம் நாள், றொசாந்தி வரைபுத் தாள்களை ஒட்டிச் சுவர் நீளத்துக்கு விரித்தாள். நீலக் கோடு தண்ணீர், சிவப்புக் கோடு காற்று. நீலக் கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி முப்பது நாளைக் கடந்து போனது. மூன்றுபேரும் நிலத்தில் இருந்து பார்த்தார்கள். சூசைதாசனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பிடிபட்டது. தன் கடல்தான் அது. காற்றுக் கடுத்த நாட்களில் நீலக் கோடு முழுவதும் அப்படியே கீழே அமிழ்ந்திருந்தது. அவன் சொன்னது அங்கே படமாகக் கிடந்தது.

"உயரத்திலை நீங்கள் சொன்னது சரி, அப்பா," என்றாள் றொசாந்தி. "பறுவமாய் இருந்தாலும் காத்துக் கடுத்தால் பதினாலு சென்ரிமீற்றர் மட்டிலை குறையுது. கதை பிழை. ஆனால் நேரத்திலை நீங்கள் பிழை. காத்து எப்பிடி அடிச்சாலும் பெருக்கு வாற நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி எண்டு ஒரே கணக்கிலைதான் பிந்திக்கொண்டு போகுது. அது காத்தைக் கேக்கேல்லை."

அவன் தலையாட்டினான். ஒத்துக்கொள்ள ஆயத்தமாகத்தான் இருந்தான். அப்போது அவள் விரல் பதினெட்டாம் நாளில் போய் நின்றது.

"இந்த மூண்டு புள்ளியும் ஆர் எழுதினது?"

யசிந்தா எழும்பி அடுப்படிக்குப் போனாள். போக வேண்டிய வேலை ஒன்றும் அங்கே இருக்கவில்லை.

"அண்டைக்கு நான்தான்," என்றான் சூசைதாசன்.

"மற்ற எல்லா நாளும் புள்ளி கொஞ்சம் அங்காலை இங்காலை நிக்குது. அலை, காத்து, பாக்கிற கண், எல்லாத்தாலையும். இந்த மூண்டும் மட்டும் அடிமட்டம் வைச்ச மாதிரி இறங்குது." அவள் குற்றம் சாட்டுகிறவள்போலச் சொல்லவில்லை. ஒரு மருத்துவர் எங்கே நோகிறது என்று தொட்டுப் பார்ப்பதுபோல் சொன்னாள். "நீங்கள் பாக்கேல்லை, என்னப்பா?"

வெளியே யாரோ சைக்கிளில் பாண் விற்றுக்கொண்டு போனார்கள். அவன் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தான்.

"நித்திரையாப் போனன்," என்றான். "தெரியும்தானே எண்டு எழுதிப்போட்டன்."

அழிறப்பரை எடுப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் பேனையை எடுத்தாள். மூன்று புள்ளிகளையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதினாள். கொப்பியிலும் அந்த மூன்று எண்களை வெட்டிவிட்டு அதையே எழுதினாள். முப்பது நாளில் முந்நூற்றுத் தொண்ணூறு தரம் பார்த்திருக்க வேண்டும். முந்நூற்று எண்பத்தேழு என்று மேலே திருத்தினாள்.

மகளுக்கு முன்னால் இப்படி வெட்கப்பட்டுச் சூசைதாசனுக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது; அதற்கு அவன் பெயர் தேடவில்லை. முப்பது வருடக் கடல்காரனின் கள்ளத்தை ஒரு தாளைப் பார்த்துப் பிடித்துவிட்டாளே. தன் தகப்பன் என்று பார்த்து விடவுமில்லையே. அன்று படுக்கும் மட்டும் வேலை செய்துகொண்டே அதை நினைத்து நினைத்து ஒரு தரம் சிரித்தும்விட்டான். யசிந்தா என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

வரைபுத் தாளைப் படம் எடுத்து, கதை எழுதினவர்களுக்கு றொசாந்தி அனுப்பிவைத்தாள். ஆறாவது அத்தியாயத்தில் மூன்றாவது வழி ஒன்று வேண்டும் என்று நாலு வரி எழுதியிருந்தாள். ஐந்து நாள் ஒன்றும் வரவில்லை. அவள் கேட்காமலே சூசைதாசன் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகப் போனைப் பார்த்தான்.

ஆறாம் நாள் கோலே வந்தது. அவன் துறைமுகத்தில் நின்றான்.

"வணக்கம், றொசாந்தியின்ரை அப்பாவோ? நான் கொக்குவிலிலை இருந்து சுபாஜினி கதைக்கிறன். நிமலினியின்ரை கதை எழுதின ஆக்களிலை ஒராள்."

"ஓம், ஓம். சொல்லுங்கோ." அவன் வள்ளத்திலிருந்து இறங்கி நின்று கதைத்தான்.

"அங்கிள், ஆறாவது அத்தியாயத்திலை நாங்கள் பிழைதான் விட்டிருக்கிறம். புத்தகத்தைப் பாத்து எழுதினது. ஒருத்தரும் போய் அளக்கேல்லை. உங்கடை மகள் அனுப்பினதை எங்களுக்குப் படிப்பிச்ச மிஸ்ஸுக்கும் காட்டினனாங்கள். அவ கனநேரம் பாத்துக்கொண்டிருந்தா." தொடர்ந்து சொன்னாள். "மூண்டு இடத்திலை அளக்கவில்லை எண்டு எழுதியிருக்கிறா. அதைக் கண்ட பிறகு மிச்சம் முந்நூற்று எண்பத்தேழையும் நம்பலாம் எண்டு மிஸ் சொன்னவ."

சூசைதாசன் கடலைப் பார்த்தான்.

"வாற சனிக்கிழமை அவவைக் கூட்டிக்கொண்டு வருவீங்களோ? அந்த அத்தியாயத்தை அவவோடை இருந்துதான் மாத்தி எழுதோணும். வேறை ஊர்ப் பிள்ளையள் நானூறு பேருக்கு மேலை அதை வாசிக்கினம். எல்லாரையும் தங்கடை கரையிலை அளக்கச் சொல்லப்போறம், மகள் செய்த மாதிரியே." பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "ஏ.எல்.லுக்கு என்ன பிரிவு எடுக்கிறா?"

றமேஸ் வலை பொத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி கையிலேயே இருந்தது.

"கணிதம்," என்றான் சூசைதாசன்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. திருப்பி எடுக்க மனம் வரவில்லை. சொல்லிப்போட்டேனே என்ற பயம் வரும் என்று பார்த்தான். வந்தது; ஆனால் பெரிதாக வரவில்லை. போனைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு றமேஸைப் பார்த்து, "கணிதம்தான்," என்று இன்னொரு தரம் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் கை கழுவி, மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருந்த படிவத்தை எடுத்தான். விரித்துப் பார்த்தால் அது வெறுமையாக இருக்கவில்லை. பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் என்று மூன்று வரியிலும் பென்சிலால் எழுதியிருந்தது. மெல்லியதாக, ஊதினால் போய்விடும் போல. எப்போது எழுதி வைத்தாளோ. ரிசல்ட் வந்த கிழமையாகக்கூட இருக்கலாம். அறைக்குள் இருந்த மகளைக் கூப்பிட்டான். அவள் படிவத்தை அவன் கையில் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பேனையாலை எழுது," என்றான்.

அவள் மேசையில் கிடந்த பேனையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நானில்லை, நீ எழுது. கையெழுத்து மட்டும் நான் வைக்கிறன். விடிய பஸ்ஸடியிலை அம்மா விடட்டும். பின்னேரம் எந்த பஸ்ஸிலை வந்தாலும் நான் வந்து நிப்பன்." படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, "மாமி வீட்டு மச்சானைப் போல ரெண்டு மூண்டு தரம் எழுத வேண்டி வந்தாலும் பரவாயில்லை. இந்த வீட்டிலை ஒருத்தரும் கதையாமல் இருக்கமாட்டம்," என்றான்.

றொசாந்தி மேசையில் இருந்து எழுதினாள். பென்சில் எழுத்துக்கு மேலேயே பேனையை நிதானமாக ஓட்டினாள். யசிந்தா அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்று மூன்றாவது வரி முடியும் மட்டும் பார்த்தாள்.

சனிக்கிழமை சூசைதாசன் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் மகளைக் கொக்குவிலுக்குக் கூட்டிப்போனான். உயர்ந்த மதிலுக்குள் மாமரம் நின்ற வீடு ஒன்று. உள்ளே ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பெண்கள் கம்ப்யூட்டர்களோடு இருந்தார்கள். சுபாஜினி என்பவள் அவன் நினைத்ததைவிடச் சின்னவள், இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. அவனை வெளி விறாந்தையில் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். முதல் அரை மணித்தியாலம் றொசாந்தி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ ஏதோ சொல்ல, "இல்லை அக்கா, அப்பிடி வராது," என்று அவள் சொன்னது அவனுக்கு வெளியே கேட்டது. பிறகு அவள் குரல்தான் கனநேரம் கேட்டது. அவனுக்குப் பாதி விளங்கவில்லை. விளங்காமல் கேட்டுக்கொண்டிருப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் போல, நீள வரைபுத் தாளைப் பெரிதாகப் போட்டோக் கொப்பி எடுக்க வேண்டும் என்று சுபாஜினியும் றொசாந்தியும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்கு நடந்தார்கள். அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று சூசைதாசன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனான். அவர்கள் இரண்டுபேரும் கடந்த கையோடு றெயில்வே கேற் விழுந்தது. அவன் இந்தப் பக்கம் நின்றான். முன்னால் ஒரு ஓட்டோ, பக்கத்தில் சைக்கிளில் ஒரு கிழவர், பின்னால் ஒரு வான்.

றெயின் வந்தது. பெட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் அந்தப் பக்கம் துண்டு துண்டாகத் தெரிந்தது. கடையின் பெயர்ப்பலகை. ஒரு பெட்டி. றொசாந்தியின் மஞ்சள் சட்டை. ஒரு பெட்டி. அவள் கையை நீட்டி எதையோ காற்றில் வரைந்து காட்டுகிறாள். இன்னொரு பெட்டி. சுபாஜினி சுருட்டிய தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொள்கிறாள். கடைசிப் பெட்டியும் போனது. தண்டவாளத்தின் மேல் சூடு நெளிந்தது. கேற் மெல்ல மேலே எழும்பியது. றொசாந்தி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள். வீதி திறந்ததைக் காணவில்லை. பின்னால் வான்காரன் ஹோன் அடித்தான். சூசைதாசன் மோட்டார் சைக்கிளை ஓரத்துக்கு இழுத்து அவனுக்கு வழி விட்டுவிட்டு, அங்கேயே நின்றான்.